தலைக்குள் பச்சை

ஓக்கினாவாவுக்கு மேற்கே
வாரம் மூன்று முறை மட்டும் படகு வரும் தீவில்
சுமியேவின் வேலை
செத்த ஈக்களின் தலையை நசுக்குவது.

ஒவ்வொன்றாக,
கண்ணாடித் தட்டில், இடுக்கி முனையால்.
பிறகு ஊதா விளக்கைப் போடுவாள்.
தலைக்குள் பச்சை ஒளிர்ந்தால் நம்முடையது,
ஒளிராவிட்டால் காட்டினுடையது.
நோட்டில் இரண்டு பத்தி. பென்சில்.
காலை எட்டிலிருந்து கரும்பாலைச் சங்கு வரை.

நம்முடையவை பெருந்தீவில் பிறந்தவை.
தவிட்டில் நெளிந்து, கூடு கட்டி,
பறக்க இன்னும் மூன்று நாள் இருக்கையில்
கோபால்ட் அறைக்குள் போய்த் திரும்பியவை.
சாயப்பொடியில் புரட்டியெடுத்த
சம்பா நெல் போலக் கிடக்கும்.
உள்ளே நடந்தது வெளியே தெரியாது.
சிறகு சிறகாகவே இருக்கிறது,
பசி பசியாகவே.
அந்தியில் இலைக்கடியில் நின்று
சிறகுரசி அழைக்கவும் தெரியும்.

வியாழன்தோறும் ஹெலிகாப்டர்.
முதல் வியாழன்
மீன் விற்கும் கமாதோ கடையை அடைத்துவிட்டு
மேசைக்கடியில் போய் உட்கார்ந்தாள்.
வானத்துச் சத்தம் என்ன போடும் என்று
அவளுக்குத் தெரியும்.
இந்த முறை போட்டது ஈ.

"இருக்கிறது போதாதென்று
அரசாங்கமே கொண்டுவந்து கொட்டுகிறதா?"
பாகல் போட்ட தோக்காஷிகி
ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்டார்.
"இவை கூடும், பெருகாது" என்றார் அதிகாரி.
"இதெல்லாம் என் மச்சானுக்கு
யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை."
கூட்டம் சிரித்தது.
சுமியே வாயைப் பொத்திக்கொண்டு
கடைசி ஆளாகச் சிரித்து முடித்தாள்.

நான் எழுதும் மொழியில்
ஈ என்றால் கொடு என்றும் பொருள்.
ஒரே எழுத்தில் ஒரு பூச்சி, ஒரு நீட்டிய கை.
இவையும் கொடுக்கின்றன,
குறை வைக்காமல்.
கொடுத்தது முளைக்காது, அவ்வளவுதான்.

ஐந்தாம் மாதம்
வடக்குச் சரிவின் பொறிகளில்
பச்சை இல்லாத தலைகள் கூடின.
பத்தி மாறி எழுதிவிட்டாளா என்று
தொலைபேசியில் கேட்டார்கள்.
மறுபடி நசுக்கினாள். அதே எண்.

அன்று மாலை கொசுவலையோடு
காட்டுப் பூசணிப் புதருக்குள் போய் உட்கார்ந்தாள்.
முதுகில் வெள்ளைப் புள்ளி வைத்த நம் ஆண்கள்
வந்ததும் வராததுமாய்ப் பாய்ந்தன.
நெரிசல் தட்டில் இருபது தலைமுறை;
அழைத்துவிட்டுக் காத்திருக்க
அவற்றுக்கு எங்கே நேரம்?
சரிவின் பெண் ஈ
காலால் ஒரு தள்ளு தள்ளியது.
பக்கத்து இலைக்கு நடந்துபோய்
அங்கே நிதானமாகச் சிறகுரசியவனிடம்
நின்றது.

சுமியேவுக்கு, யாரும் பார்க்கவில்லை என்பதால்,
கைதட்டத் தோன்றியது.

அறிக்கையில் அதை எழுதவில்லை.
அறிக்கையில் எழுதியதற்கு விடையாக
வெறும் கூண்டுகள் வந்தன.
அதே சரிவில், அதே பெண்களை,
அவளே பிடித்தனுப்பினாள்.
பொறுமை தெரிந்த அவற்றின் வம்சம்
சில மாதம் கழித்து
தலைக்குள் பச்சையோடு
வானிலிருந்து விழுந்தது.

இந்த முறை யாரும் தள்ளவில்லை.

காட்டின் பத்தி இளைத்தது.
நாற்பது. ஒன்பது. ஒன்பது. இரண்டு.
ஒரு வாரம் நான்கு;
அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை,
கவலையா வேறெதுவா என்று கேட்டால்
சொல்லத் தெரியாது.

கோடையில் தோக்காஷிகி கொடுத்த பாகற்காயில்
ஊசி குத்தியது போல் ஒரு தழும்பு,
பக்கத்தில் உறைந்த ஒரு துளிச் சாறு.
வீட்டில் கீறிப் பார்த்தாள்.
பதினொரு முட்டைகள்.
வெள்ளையாய், வரிசையாய், காய்ந்து.
புழு இல்லை.
பழக்கத்தில் எண்ணிவிட்டாள்.
எழுதத்தான் பத்தி இல்லை.

அந்தத் துண்டை மட்டும் வெட்டி எறிந்துவிட்டு
மீதியை மெல்லிசாய் அரிந்து
கோழிமுட்டை இரண்டை உடைத்து ஊற்றிக்
கிளறினாள்.
கசப்பு சரியாக இருந்தது.
உப்புதான் கொஞ்சம் தூக்கல்.